அவசரநிலை அறிவித்தாயிற்று, அப்புறம் என்ன?

இங்கிலாந்தில் சர்ரே என்றொரு கவுன்ட்டி, நம் மாவட்டம் மாதிரி. அதன் கவுன்சில் 2019 ஜூலையில் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. அதே கவுன்சில் செப்டம்பரில், ஹோர்லி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஹார்ஸ் ஹில் என்ற இடத்தில் புதிதாக நான்கு எண்ணெய்க் கிணறுகள் தோண்டி, இருபது வருடத்துக்கு மேல் கச்சா எண்ணெய் எடுத்துக்கொள்ள ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. நடுவில் இரண்டே மாதம்.

இந்த மாதிரிச் செய்தி எந்த நாட்டில் இருந்து வந்தாலும் இரண்டு பேச்சு கிளம்பும். "எல்லாம் கண்துடைப்பு" என்பது ஒன்று. "பாவம், கவுன்சில் என்ன செய்யும், எல்லாம் மேலிடத்தின் கையில் இருக்கிறது" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்த இடத்தில் எது உண்மை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான், ஊர்க்காரர்கள் மனுவும் பேனருமாகப் போய் ஒரு தீர்மானத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எதுவும் மாறியிருப்பதில்லை.

கவுன்சில் என்று இங்கே சொல்வது நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி, நகரசபை, பிரதேச சபை என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரி, ஊர் அளவில் வரி வாங்கி ஊர் வேலைகளைப் பார்க்கிற, ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு அமைக்கிற மன்றத்தை.

## கவுன்சிலின் புகை வேறு, ஊரின் புகை வேறு

முதலில் சில சொற்கள். உமிழ்வு என்றால் எதையாவது எரிக்கும்போதோ, அழுகவிடும்போதோ, உற்பத்தி செய்யும்போதோ காற்றில் போய்ச் சேரும் வாயு. கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, இவைதான் முக்கியமானவை. பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால் பசுங்குடில் வாயுக்கள் என்ற பெயர். இந்த உமிழ்வைக் குறைப்பதற்குத் தணிப்பு என்று பெயர். வந்துவிட்ட, இனி வரப்போகிற வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் ஊரைத் தயார் செய்வது தகவமைப்பு. மக்கள் கேட்கும்போது இரண்டையும் கலந்துதான் கேட்பார்கள். கவுன்சில் பதில் சொல்லும்போது தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மரக்கன்று நடும் படங்கள் அவ்வளவு வருவது அதனால்தான்.

கணக்குப் போடுகிறவர்கள் ஒரு அமைப்பின் உமிழ்வை மூன்று வட்டமாகப் பிரிக்கிறார்கள்:

1. அமைப்பு தானே எரிப்பது. சொந்த லாரியில் ஊற்றும் டீசல், சொந்தக் கட்டடத்தில் எரிக்கும் எரிவாயு.
2. வாங்குகிற மின்சாரம். தெருவிளக்கு, தண்ணீர் பம்ப், அலுவலக ஏசி. புகை வருவது மின் நிலையத்தில், ஆனால் சுவிட்ச் இங்கே இருக்கிறது.
3. மற்ற எல்லாம். காண்ட்ராக்டரின் வண்டி, ரோடு போட வாங்கிய சிமென்ட்டும் தாரும், ஊழியர்கள் வேலைக்கு வந்து போகும் பயணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குப்பை அள்ளுவதைக் கவுன்சில் தன் வண்டிகளை வைத்துச் செய்தவரை டீசல் முதல் வட்டத்தில் இருந்தது. அந்த வேலையை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்த மறுநாள் அதே லாரி, அதே தெரு, அதே புகை, ஆனால் கணக்கில் மூன்றாம் வட்டத்துக்குப் போய்விடும். அறிக்கையில் முதல் இரண்டு வட்டத்தை மட்டும் காட்டினால் உமிழ்வு "குறைந்துவிட்டது". எங்கள் உமிழ்வு இத்தனை சதவீதம் குறைந்தது என்று யார் சொன்னாலும், எந்த வட்டம் என்று கேட்டுவிட்டு மேலே படிப்பது நல்லது.

சரி, கவுன்சிலின் சொந்தப் புகை மொத்தத்தில் எவ்வளவு? பிரிட்டன் அரசுக்கு ஆலோசனை சொல்லும் காலநிலை மாற்றக் குழு 2020ல் உள்ளாட்சிகளைப் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டது. ஒரு பகுதியின் மொத்த உமிழ்வில் கவுன்சிலின் நேரடிப் பங்கு 2 முதல் 5 சதவீதம்தான். ஆனால் கவுன்சிலின் அதிகாரமோ செல்வாக்கோ எட்டுகிற பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது. அலுவலக பல்பை மாற்றி, மேயருக்கு மின்சாரக் கார் வாங்குவதெல்லாம் அந்த 2 முதல் 5க்குள் முடிந்துவிடும். எங்கே எதைக் கட்டலாம், ரோட்டில் யாருக்கு எவ்வளவு இடம், குப்பை எங்கே போகிறது, கவுன்சில் கட்டும் வீடுகள் எப்படி இருக்கும், டெண்டரில் என்ன நிபந்தனை, இவையெல்லாம் அந்த மூன்றில் ஒன்றுக்குள் வருபவை.

## தீர்மானம் என்ற காகிதம்

2016 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரப் பகுதியில் இருக்கும் டேர்பின் கவுன்சில்தான் உலகில் முதலாவதாகக் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. 2018 நவம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அறிவித்தது. அதற்கப்புறம் மளமளவென்று 2,000க்கும் மேற்பட்ட அரசுகளும் உள்ளாட்சிகளும் அறிவித்துவிட்டன.

அவசரநிலை என்றதும் ஏதோ தனி அதிகாரம் கிடைத்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். வெள்ளமோ தொற்றுநோயோ வரும்போது சட்டப்படி அறிவிக்கும் அவசரநிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான நாடுகளில் இது மன்றத்தின் ஒரு தீர்மானம், அவ்வளவுதான். கையெழுத்தான மறுநாள் எந்த விதியும் தானாக மாறாது, ஒரு ரூபாயோ ஒரு பவுண்டோ தானாக ஒதுக்கப்படாது.

அதற்காக வெறும் காகிதம் என்றும் சொல்ல மாட்டேன். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "முயற்சி மேற்கொள்ளும்", "பரிசீலிக்கும்", "இயன்ற வரை ஊக்குவிக்கும்" என்ற வினைச்சொற்களோடு முடிந்தால் அதை யாரும் மீற முடியாது, ஏனென்றால் மீறுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. மாறாக, எந்த வருடத்தோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம், எந்த வருடத்துக்குள், எந்த வட்டம் வரை, எந்தத் துறை பொறுப்பு, மன்றத்துக்கு எப்போது அறிக்கை வரும் என்ற ஐந்தும் இருந்தால், அடுத்த முறை ஒரு ரோடு விரிவாக்கத் திட்டம் மேஜைக்கு வரும்போது யாராவது அதை எடுத்துக் காட்ட முடியும்.

இந்தத் தீர்மானங்களில் தவறாமல் வரும் இன்னொரு சொல் நிகர சுழியம். வெளியே விடும் உமிழ்வும், காடு, மண், இயந்திரம் மூலம் திரும்ப உறிஞ்சும் அளவும் சமமாகிற நிலை. உமிழ்வே இல்லாத நிலை என்று அர்த்தமில்லை. இந்த "திரும்ப உறிஞ்சும்" பகுதியில் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கோபன்ஹேகன் 2025க்குள் கார்பன் சமநிலை அடைந்த முதல் தலைநகரம் ஆகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நிஜமாகவே நிறைய வேலை செய்த ஊர் அது. ஆனால் கணக்கின் கடைசிப் பகுதி, அமேகர் பக்கே என்ற குப்பை எரிக்கும் ஆலையின் புகையில் இருந்து கரியமில வாயுவைப் பிரித்துப் பிடிக்கும் கருவியை நம்பி இருந்தது. அதற்கு எதிர்பார்த்த அரசு நிதி கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் இலக்கைக் கைவிட்டார்கள்.

## குப்பைதான் எளிய வாசல்

உள்ளாட்சியின் கையில் முழுசாக இருக்கிற விஷயம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பெரும்பாலான இடங்களில் அது குப்பை. சாப்பாட்டு மிச்சம் மற்ற குப்பையோடு கலந்து கிடங்கில் புதையும்போது காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. அதே எடையுள்ள கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் மீத்தேனின் சூடாக்கும் திறன் 100 வருடக் கணக்கில் 27 மடங்குக்கு மேல், 20 வருடக் கணக்கில் ஏறக்குறைய 80 மடங்கு. அதனால் இதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். இத்தாலியின் மிலான் நகரம் வீடு வீடாகச் சாப்பாட்டுக் கழிவைத் தனியாக வாங்குவதை 2012ல் தொடங்கி 2014க்குள் நகரம் முழுக்கக் கொண்டுவந்தது. அந்தக் கழிவு எரிவாயுவும் உரமும் ஆகிறது.

ஆனால் இங்கேயும் ஒரு கொக்கி இருக்கிறது. குப்பை எரிக்கும் ஆலைகளோடு கவுன்சில்கள் போடும் ஒப்பந்தம் இருபது, இருபத்தைந்து வருடம் ஓடும். வருடத்துக்குக் குறைந்தது இத்தனை டன் குப்பை தருவோம், தராவிட்டாலும் அதற்கான பணத்தைக் கட்டுவோம் என்று சிலவற்றில் ஒரு விதி இருக்கும். ஊர்க்காரர்கள் பொறுப்பாகப் பிரித்துக் கொடுத்துக் குப்பையைக் குறைத்தால் கவுன்சிலுக்கு நஷ்டம். கவுன்சிலர் ஏன் இவ்வளவு தயங்குகிறார் என்பதற்கான காரணம் சில சமயம் அவர் கொள்கையில் இருக்காது, அந்த ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும்.

## அனுமதி கொடுக்கும் பேனா

இனி ஹார்ஸ் ஹில்லுக்குத் திரும்புவோம், ஏனென்றால் கவுன்சிலின் ஆகப் பெரிய அதிகாரம் இதுதான்.

பெரிய திட்டம் ஒன்றுக்கு அனுமதி கொடுக்கும் முன், அதனால் சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்பதை ஆராய்ந்து எழுத வேண்டும். அதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. கம்பெனி கொடுத்த மதிப்பீட்டில், கிணறு தோண்டுவது, இயந்திரம் ஓட்டுவது என்று அந்த இடத்தில் வரும் உமிழ்வு மட்டும் இருந்தது, திட்டக் காலம் முழுக்கச் சேர்த்து சுமார் 1,40,000 டன். எடுத்த எண்ணெயைப் பிற்பாடு எரிக்கும்போது வரும் உமிழ்வு அதில் இல்லை. அதைச் சேர்த்தால் 1 கோடி டன்னைத் தாண்டும். அறிக்கையில் இருந்தது எழுபதில் ஒரு பங்குகூட இல்லை.

சாரா ஃபிஞ்ச் என்ற அந்தப் பகுதிக்காரர், உள்ளூர்க் குழு ஒன்றின் சார்பில் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். மேல்முறையீட்டிலும் தோற்றார். 2024 ஜூன் 20 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பின் வாதம் சிக்கலானதே இல்லை:

1. ஒரு திட்டத்தின் நேரடி விளைவு மட்டுமல்ல, மறைமுக விளைவும் மதிப்பீட்டில் வர வேண்டும் என்கிறது சட்டம்.
2. தோண்டி எடுத்த எண்ணெய் சுத்திகரிப்புக்குப் போய்க் கடைசியில் எரியத்தான் போகிறது, இதை இரு தரப்பும் மறுக்கவில்லை.
3. அப்படியானால் அந்தப் புகை இந்தத் திட்டத்தின் விளைவு. எரிவது எந்த ஊரில் என்பது பொருட்டில்லை, வானத்துக்கு எல்லைக்கோடு கிடையாது.
4. ஆகவே அதைக் கணக்கில் எடுக்காமல் கொடுத்த அனுமதி சட்டப்படி செல்லாது.

கவனிக்க வேண்டியது, எண்ணெய் எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முழு எண்ணையும் பார்த்துவிட்டு, மக்களுக்கும் காட்டிவிட்டு, அதற்குப் பிறகும் அனுமதி கொடுக்க வேண்டும் என்று கவுன்சில் நினைத்தால் கொடுக்கலாம். ஒத்துப்போகாத நீதிபதிகளின் வாதமும் சும்மா தள்ளிவிடக் கூடியது இல்லை. எரிபொருள் கொள்கை நாடு முழுமைக்குமான விஷயம், அதை ஒரு உள்ளூர்த் திட்டக் குழுவின் தலையில் கட்டுவது பொருத்தமா என்று அவர்கள் கேட்டார்கள். ஆனால் தீர்ப்பின் வீச்சு ஹார்ஸ் ஹில்லோடு நிற்கவில்லை. வைட்ஹேவன் நிலக்கரிச் சுரங்கத்துக்கான அனுமதி 2024 செப்டம்பரில் ரத்தானது, பிரிட்டனின் கடற்பரப்பில் இருக்கும் ரோஸ்பேங்க், ஜாக்டா எண்ணெய், எரிவாயுத் திட்டங்களின் ஒப்புதல் செல்லாது என்று 2025 ஜனவரியில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் சொன்னது, இரண்டுக்கும் இதே தர்க்கம்தான்.

## மேலிடம் குறுக்கே வரும்போது

"என் கையில் இல்லை" என்று கவுன்சில் சொல்வது நிஜமாகவே உண்மையாக இருக்கும் இடமும் உண்டு. பிரிஸ்டல் விமான நிலையம் வருடத்துக்கு 1 கோடிப் பயணிகள் என்ற வரம்பை 1 கோடியே 20 லட்சமாக உயர்த்தக் கேட்டது. நிலையம் இருக்கும் பகுதியின் வடக்கு சோமர்செட் கவுன்சில், மக்கள் ஆயிரக்கணக்கில் ஆட்சேபணை எழுதியதைப் பார்த்து, 2020 பிப்ரவரியில் மறுத்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. மத்திய அரசின் திட்ட ஆய்வாளர்கள் 2022ல் அனுமதி கொடுத்தார்கள். குடியிருப்போர் குழு நீதிமன்றம் போயும் 2023 ஜனவரியில் தோற்றது. இங்கே கவுன்சில் ஊர்க்காரர்கள் பக்கம் நின்றும் பயனில்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்று. பிரான்சில் கடலோரத்தில் தாழ்வான நிலத்தில் இருக்கும் கிராந்த்-சாந்த் என்ற சின்ன நகரமும் அதன் அப்போதைய மேயர் தமியன் கரேமும், காலநிலைக்குப் போதுமான அளவு செய்யவில்லை என்று பிரான்ஸ் அரசின் மீதே வழக்குப் போட்டார்கள். மேயர் தனி மனிதராகப் போட்ட மனுவை ஏற்காத உச்ச நிர்வாக நீதிமன்றம், நகரத்தின் மனுவை ஏற்றது. உமிழ்வைக் குறைக்கும் நடவடிக்கைகளை 2022 மார்ச் 31க்குள் எடுக்கும்படி 2021 ஜூலையில் அரசுக்கு உத்தரவும் போட்டது. கையில் அதிகாரம் இல்லாத விஷயத்தில் கவுன்சிலிடம் கேட்க ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. மேலிடத்தைத் தட்டிக் கேள் என்று கேட்கலாம்.

## பணம் எந்தத் துறையில் இருக்கிறது

பல கவுன்சில்களில் காலநிலை வேலை ஒரு மூலையில் இரண்டு மூன்று பேர் கொண்ட பிரிவிடம் இருக்கும். அவர்கள் அழகான அறிக்கை எழுதுவார்கள். ரோடு போடுகிற துறை அதைப் படித்திருக்காது. நார்வேயின் ஆஸ்லோ இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: 2017ஆம் ஆண்டுக்கான நகர பட்ஜெட்டில் இருந்து காலநிலை பட்ஜெட் என்று ஒன்றையும் சேர்த்துவிட்டது. பணத்துக்கு வரவு செலவு போல உமிழ்வுக்கும் வருடாந்திர வரம்பு, எந்த நடவடிக்கை எத்தனை டன் குறைக்கும், எந்தத் துறை செய்ய வேண்டும் என்ற அட்டவணை. இதை நடத்துவது நிதித் துறை என்பதுதான் சூட்சுமம். நிதித் துறைக்காரர் கேட்டால் எல்லாத் துறையும் பதில் சொல்லும்.

டேர்பினில் வேறு மாதிரி. வீட்டுக்கூரையில் சூரியத் தகடு போட ஆசை இருந்தாலும், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களிடம் மொத்தமாகப் போட முதல் இருக்காது. கவுன்சிலே முன்பணம் கொடுத்துத் தகட்டைப் போட்டுவிட்டு, அந்தத் தொகையை வட்டியில்லாமல் பத்து வருடத்துக்கு வீட்டு வரியோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்துக்கொண்டது. கரண்ட் பில்லில் மிச்சமாகும் தொகை அந்தத் தவணையை ஈடுகட்டும் என்பது கணக்கு. புதிய சட்டம் எதையும் தலைநகரில் போய் வாங்கவில்லை, வழக்கமாகப் போகும் வரி ரசீதுதான் கருவி.

## "நம்ம ஊர் ஒன்று மாறி என்ன ஆகப்போகிறது?"

எதிர்த்தரப்பிடம் இருந்து இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஒரு சிற்றூரின் உமிழ்வை வைத்துப் பார்த்தால் நியாயமாகவும் தெரியும். ஆனால் உலக உமிழ்வில் நகரங்களின் பங்கு 2020ல் 67 முதல் 72 சதவீதம் என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசாங்கக் குழு கணக்கிட்டிருக்கிறது, அதாவது நகரங்களைக் கழித்துவிட்டால் மிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தகவமைப்பில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று பிடித்து வைக்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும், பெய்தால் கொட்டித் தீர்க்கும். பழைய மழைக்கணக்கில் போட்ட மழைநீர் வடிகாலை மாற்ற வேண்டியது ஐ.நா. சபை இல்லை.

செலவை யார் தூக்குவது என்ற எதிர்ப்புதான் கனமானது. 2023 மார்ச்சில் பெர்லினில், நகரத்தை 2045க்குப் பதிலாக 2030க்குள் காலநிலைச் சமநிலைக்குக் கொண்டுவரச் சட்டப்படி கட்டாயப்படுத்தலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு சுமார் 4,42,000, எதிர்ப்பு சுமார் 4,23,000. ஆதரவு அதிகம்தான், ஆனால் நிறைவேற வேண்டுமானால் மொத்த வாக்காளர்களில் கால்வாசிப் பேர், அதாவது சுமார் 6,08,000 பேர், ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். விழுந்துவிட்டது. எதிர்ப்பு வாக்கு அவ்வளவு விழுந்ததை, அவர்களுக்குக் காலநிலை மேல் அக்கறை இல்லை என்று படிப்பது சோம்பேறித்தனம். வாடகை வீட்டுக்காரருக்கு, வீட்டைச் சீரமைக்கும் செலவு கடைசியில் தன் வாடகையில்தான் வந்து விழும் என்ற பயம் இருக்கும். அதற்குப் பதில் இல்லாத கோரிக்கை பாதி ஊரை இழக்கும்.

## கேட்பதை எங்கே, எப்போது கேட்பது

1. முதலில் காகிதம். உமிழ்வுக் கணக்கு, குப்பை ஒப்பந்தம், பட்ஜெட், திட்ட மதிப்பீடு. 1998ல் கையெழுத்தாகி 2001ல் அமலுக்கு வந்த ஆர்ஹுஸ் உடன்படிக்கை, ஐரோப்பாவையும் அதை ஒட்டிய நாடுகளையும் கட்டுப்படுத்துவது, சுற்றுச்சூழல் தகவலைக் கேட்டு வாங்கவும், முடிவில் பங்கெடுக்கவும், நீதிமன்றம் போகவும் மக்களுக்கு உரிமை தருகிறது. லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் 2021ல் அமலுக்கு வந்த, இதே மாதிரியான எஸ்காசு ஒப்பந்தம் இருக்கிறது. மற்ற இடங்களில் தகவல் உரிமைச் சட்டம் எது இருக்கிறதோ அது.

2. கோரிக்கையை அதிகாரத்தோடு பொருத்துவது. "காலநிலை மாற்றத்தைத் தடுத்து நிறுத்து" என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். "சாப்பாட்டுக் கழிவைத் தனியாக வாங்கு" என்றால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

3. மக்கள் அவை கேட்பது. குலுக்கல் முறையில் எல்லாத் தரப்பில் இருந்தும் ஆட்களை எடுத்து, நிபுணர்களைக் கேள்வி கேட்க வைத்து, பரிந்துரை எழுதச் சொல்வது. லண்டனின் கேம்டன் கவுன்சில் 2019ல் நடத்திய அவை 17 பரிந்துரைகள் கொடுத்தது. போராட்டக்காரர்கள் மட்டும் பேசுகிறார்கள் என்ற பேச்சை இது அடக்கும். அவை சொன்னதற்கு எத்தனை மாதத்தில் பதில் வரும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் இதுவும் இன்னொரு அறிக்கைதான்.

4. வழக்கு. கடைசியில்தான். ஃபிஞ்ச் வழக்கு அனுமதி கொடுத்த நாளில் இருந்து தீர்ப்பு வரை நாலே முக்கால் வருடம் எடுத்தது, நடுவில் இரண்டு தோல்வி.

5. நேரம். இதைத்தான் ஊர்க்காரர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். குப்பை லாரி ஒப்பந்தம் ஒன்று 2031 மார்ச்சில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி டீசலா மின்சாரமா, சாப்பாட்டுக் கழிவுக்குத் தனி அறை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் டெண்டர் நிபந்தனையில் எழுதப்படும், அந்த நிபந்தனை ஒன்றிரண்டு வருடம் முன்னாலேயே ஏதோ ஒரு துணைக்குழுவில், ஏழெட்டுப் பேர் இருக்கும் கூட்டத்தில், பெரிதாக யாரும் எட்டிப்பார்க்காத நாளில் முடிவாகிவிடும். பேனர் 2031ல் போய் நின்றால் வண்டிக்கு ஆர்டர் கொடுத்து முடிந்திருக்கும். எந்தக் குழு, எந்த மாதம் என்பது பெரும்பாலும் கவுன்சில் வருட ஆரம்பத்தில் வெளியிடும் கூட்ட அட்டவணையிலேயே இருக்கும்.